நாலாம் நம்பர் அவுட்புட்

'அன்புள்ள' என்று ஆரம்பிக்க வேண்டுமாம், பக்கத்தில் நின்றுகொண்டு உன் அம்மா சொல்கிறாள். அன்பு எங்கேயும் ஓடிப்போகவில்லை. ஆனால் இன்றைக்கு அதை முதல் வரியில் உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை. நீ போனை எடுத்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். நீ எடுக்கவில்லை. எடுத்தாலும், "அப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். ஆவடியில் இருந்தவரைக்கும் நான் நைனா, நீ "கீறேன்". ஐயப்பன்தாங்கல் ஃப்ளாட்டுக்கு லிஃப்டில் ஏறிப் போனதிலிருந்து நான் அப்பா, நீ "இருக்கேன்". போகட்டும். எட்டாங்கிளாஸோடு நிறுத்தியவன் கடிதம் எழுத உட்கார்ந்தால் சீக்கிரத்தில் எழுந்திருக்க மாட்டான், இன்ஜினியர் சார். செவ்வாய்க்கிழமை மலேசியாவுக்கு விமானம் ஏறுகிறாய். அதற்கு முன்னால் திங்கட்கிழமை ஒன்று வருகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பூந்தமல்லி அட்டைப்பெட்டி கம்பெனிக்கு நீ எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டைப் படித்தேன். அங்கே இருக்கும் சூப்பர்வைசர் போனில் காட்டினார். என்ன அழகான ரிப்போர்ட்! மேலே, மெஷின்களுக்குப் பேனல் பெட்டி செய்து கொடுக்கிற நம் ஷெட்டின் பெயர், கீழே உன் கையெழுத்து, நடுவில் மூன்றே வரி. எமர்ஜென்சி பட்டன் சரியாக வேலை செய்கிறது. மெஷினை ஓட்டியவர் பட்டனை அழுத்தவில்லை. பேனலில் எந்தக் குறையும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால், அட்டையில் காகிதம் ஒட்டுகிற அந்த ரோலர் மெஷினில், அதை ஓட்டுகிற கலாவின் வலது கை மாட்டியது. இரண்டு விரல் போய்விட்டது. மறுநாள் காலையில் நீ போனாய், பட்டனைப் பத்துத் தடவை அமுக்கினாய், பத்துத் தடவையும் மெஷின் நின்றது, உடனே எழுதிவிட்டாய். ஏன்டா, உன் கையை ரோலருக்குள் கொடுத்துக்கொண்டு அமுக்கிப் பார்த்தாயா? ஏசி காரில் வந்து, காபி குடித்துவிட்டு, நிதானமாகப் பத்துத் தடவை. பதினோராவது தடவை அமுக்க விரல் வலித்ததா? அவளுக்கு வலித்திருக்கும். உனக்கு என்ன?

நீ அவளைப் போய்ப் பார்க்கவில்லை. நான் போனேன். வெள்ளானூரில், புதிதாக வந்த அபார்ட்மென்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. கையில் பெரிய கட்டுடன் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் லாரி ஷெட்டில் லோடு ஏற்றுகிறவன், நல்லவன்தான், ஆனால் அவனும் உன் ரிப்போர்ட்டைக் கேள்விப்பட்டுவிட்டான். என் எதிரிலேயே கேட்டான்: "ஏம்மே, கைக்கு எட்ற தூரத்துலதான கீது அந்த செவப்பு பட்டனு. ஒரு தபா அமுக்கியிருந்தா இன்னா?" அவள் என்னைப் பார்த்தாள். "அமுக்கினேண்ணா. நாலு தபா அமுக்கினேன். பச்ச லைட்டு அணைஞ்சிது. ரோலரு நிக்கல. அப்பால பக்கத்து மெஷினு அந்தோணி ஓடியாந்து மெயின புடிச்சி இழுத்தான், அப்பத்தான் நின்னுச்சி. எவனும் நம்ப மாட்டேங்கறான். இவுரே நம்பல பாருங்க." திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவளைக் கம்பெனிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். 'என் கவனக்குறைவால் நடந்தது' என்று ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள். கையெழுத்துப் போடுகிற கையில் விரலைத் தொலைத்தவளிடம் கையெழுத்து. எல்லாம் உன் மூன்று வரியை நம்பி.

பச்சை லைட் அணைந்தது, ரோலர் நிற்கவில்லை. இந்த ஒரு பேச்சை நீ போய்க் கேட்டிருந்தால் போதும், உனக்கே விஷயம் புரிந்திருக்கும். நான் படிக்காதவன், எனக்கே புரிந்தது. பேனலுக்குள் உட்கார்ந்து மெஷினுக்கு உத்தரவு போடுகிற குட்டிக் கம்ப்யூட்டர், உன் பி.எல்.சி., பெரிய மூளைக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளியே வேலை வாங்க அவனுக்கும் ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் ரிலே அவுட்புட். ஒவ்வொரு அவுட்புட்டுக்குள்ளும் மிளகு அளவுக்கு இரண்டு பாயிண்ட். பாயிண்ட் சேர்ந்தால் கரண்ட் போகும், பிரிந்தால் நிற்கும். நாலாம் நம்பர் பாயிண்ட் சேர்ந்தால், மோட்டாருக்குப் பெரிய சுவிட்ச் மாதிரி இருக்கிற கான்டாக்டரின் காயிலுக்குக் கரண்ட் போய், கான்டாக்டர் இழுத்து, ரோலர் மோட்டார் சுற்றும். காயிலை நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் அது சும்மா போகாது, ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் போகும். அந்த உதையில் பாயிண்ட்டுக்கு நடுவில் ஒரு பொறி. ஒரு அட்டைக்கு ஒரு தடவை ஓடி நிற்கிற மெஷின் அது. ஒரு நாளைக்கு எத்தனை அட்டை, ஒரு வருஷத்துக்கு எத்தனை பொறி, நீயே கணக்குப் போடு, கணக்கில் புலியாச்சே. கடைசியில் பாயிண்ட் தேய்ந்து, உருகி, என்றைக்காவது ஒரு நேரம் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மூளை 'நிறுத்து' என்னும். சொன்னவுடனே அதன் பெட்டியில் நாலாம் நம்பருக்கான சின்ன விளக்கு அணையும். மெஷின் ஓடுவதைக் காட்ட ஐந்தாம் நம்பரில் தனியாகக் கொடுத்த பச்சை லைட்டும் அணையும். நாலாம் நம்பர் மட்டும் கேட்காது. கொஞ்ச நேரம் கழித்து, ஆறின பிறகோ, யாராவது பேனல் கதவை டமால் என்று சாத்தின பிறகோ, அதுவாகவே விட்டுவிடும். மறுநாள் காலையில் இன்ஜினியர் வந்து பத்துத் தடவை அமுக்கினால் பத்துத் தடவையும் நிற்கும்.

இதெல்லாம் உனக்குத் தெரியாததா? பாலிடெக்னிக்கில் தொடங்கி இன்ஜினியரிங் வரைக்கும் படித்தவன். தெரியும். அதுதான் எனக்கு ஆத்திரம். நாலாம் நம்பருக்கும் கான்டாக்டருக்கும் நடுவில் ஒரு குட்டி ரிலே வைத்து, காயிலின் தலையில் உதையை வாங்கிக்கொள்கிற ஒன்றையும் மாட்டியிருந்தால் பாயிண்ட் இவ்வளவு அடி வாங்கியிருக்காது. அந்தக் குட்டி ரிலேவும் ஒரு நாள் ஒட்டலாம்தான். அதற்காகத்தான் சிவப்பு பட்டன். காயிலுக்குப் போகிற கரண்ட் முதலில் சிவப்பு பட்டனைச் சுற்றி வந்துவிட்டுத்தான் அவுட்புட்டுக்கே போக வேண்டும். பட்டனை அமுக்கினால் மூளையைக் கேட்காமல், பாயிண்ட்டைக் கேட்காமல், ஒயரே அறுந்த மாதிரி நிற்க வேண்டும். உன் டிராயிங்கில் இரண்டும் இல்லை. குட்டி ரிலே இல்லை. சிவப்பு பட்டனின் ஒயர் மூளைக்கு மட்டும் போகிறது, 'ஐயா, என்னை அமுக்கிட்டாங்க' என்று சொல்ல. மூளையும் கேட்டுக்கொண்டது. கேட்டு என்ன பிரயோஜனம்?

இப்போது நீ கேட்கப் போகிற கேள்வி எனக்குத் தெரியும். "ஒயரிங் போட்டது யாரு?" நான்தான். ஒரு ஸ்க்ரூ விடாமல் நான்தான் போட்டேன்.

அந்த நாளை நினைத்துப் பார். அம்பத்தூரில் நம் ஷெட்டில் அந்த அட்டைப்பெட்டி முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நீ லேப்டாப்பைத் திறந்து அவருக்கு ஏதோ காட்டிக்கொண்டிருந்தாய். நான் டிராயிங்கை எடுத்துக்கொண்டு வந்து, "இன்னாபா, நாலாம் நம்பருக்கு ரிலே காணோம், பட்டனு வேற சுத்தி வர்ல, வுட்டுப்போச்சா?" என்று கேட்டேன். நீ தலையைத் தூக்கவில்லை. "அப்பா, டிராயிங்ல இருக்கிறதை மட்டும் போடுங்க. நீங்க பாட்டுக்கு ஒண்ணொண்ணா சேத்துச் சேத்து போன பாக்ஸ் மூடவே இல்ல. எல்லாம் புரோகிராம்ல பாத்துப்பேன்." முதலாளி சிரித்தார். "பெரியவரு பழைய காலத்து ஆளு," என்றார். நீயும் சிரித்தாய். அவர் சிரித்தது எனக்கு ஒன்றும் இல்லை. உன் சிரிப்பு மட்டும் அன்றைக்கு முழுக்க முதுகில் ஊறிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவர் போன பிறகு உன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். இல்லை, வழக்கம்போல் உன்னைக் கேட்காமல் ரிலேவைச் சொருகி, பட்டனையும் சுற்றி இழுத்துவிட்டுப் பெட்டியை மூடியிருக்க வேண்டும். எத்தனை பேனலில் உனக்குத் தெரியாமல் அப்படிச் செய்திருக்கிறேன் தெரியுமா? இந்த ஒன்றில் மட்டும் செய்யவில்லை. சரிங்க சார் என்று வீம்பு பிடித்தேன். டிராயிங்கில் இருந்தபடியே, ஒரு ஒயர் கூடாமல் குறையாமல், நம்பர் போட்டு, ஒயர் ஓடுகிற டக்டில் சீவி வாரினாற்போல் அடுக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் ஒரு பேனல் போட்டதே கிடையாது. ஆறு மாசத்தில் பாயிண்ட் கருகி மெஷின் படுத்துவிடும், ரோலர் ஓடாது, முதலாளி உனக்குப் போன் போட்டுக் கத்துவார், நீ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவாய், "இன்னா சார், புரோகிராம்ல பாத்துக்கினியா?" என்று கேட்கலாம் என்று காத்திருந்தேன். இந்த ஒரு வரியை எத்தனை தடவை ஒத்திகை பார்த்தேன் என்று உன் அம்மாவைக் கேள். பாயிண்ட் கருகினால் மெஷின் நிற்கும், ஒட்டினால் நிற்காது. நாற்பது வருஷம் ஒயர் பிடித்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். உன்னைக் கிண்டல் பண்ணுகிற ஆசையில் அந்த இரண்டாவதை நினைத்துப் பார்க்கவே இல்லை.

இந்தக் கிண்டல் புத்தி எனக்கு இன்றைக்கு வந்தது இல்லை. நம் வீட்டில் நான் ஒயரில் விளையாடாத இடம் ஏது? உனக்கு ஏழு வயசு இருக்கும்போது சமையல்கட்டு சுவிட்சை வாசல் மணிக்குக் கொடுத்துவிட்டேன். உன் அம்மா லைட் போடப் போனால் மணி அடிக்கும், கதவைத் திறக்க ஓடினால் யாரும் இருக்க மாட்டார்கள். மூன்று தடவை ஓடினாள். நீயும் நானும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கண்டுபிடித்ததும் கரண்டியோடு வந்தாள். "ஒயர்ல வெள்ளாடாதய்யா. ஒரு நாளு யாருக்குனா எதுனா ஆவப் போவுது," என்றாள். அதற்கும் சிரித்தோம். அப்புறம் உன் காலேஜ் கடைசி வருஷ புராஜெக்ட். பரீட்சைக்கு வந்த சார் உள்ளே வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் பின்பக்கம் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டது நான்தான். இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன். உன் முகம் வெளுத்துப்போனது. ஆனால் நீ கத்தவில்லை. மீட்டரைக் கையில் எடுத்து, ஒவ்வொரு ஒயராகத் தொட்டுத் தொட்டு வந்து, பத்து நிமிஷத்தில் அதைப் பிடித்துவிட்டாய். வராண்டாவில் நின்றுகொண்டு பார்த்த எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் பிள்ளை எதையும் நம்ப மாட்டான், தொட்டுப் பார்த்துத்தான் சொல்வான் என்று அம்பத்தூர் எஸ்டேட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பிள்ளை எங்கேடா? மூன்று வாரத்துக்கு முன்னால் பூந்தமல்லிக்கு மீட்டர் கொண்டுபோனாயா? நான் விசாரித்துவிட்டேன். லேப்டாப் மட்டும்தான் கொண்டுபோனாயாம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை எழுதத்தான் பேனா ஓட மாட்டேன் என்கிறது. பேனலை மாட்டப் போன அன்றைக்குக் கலாதான் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். சிவப்பு பட்டனைப் பார்த்து, "இது இன்னாண்ணா, குட காளான் மாதிரி கீது?" என்று கேட்டாள். நான் சும்மா இருப்பேனா? "ஆமாம்மே, சாம்பார்ல போட்டுறாத," என்றேன். அவள் சிரித்தாள். அப்புறம் பெரிய மனுஷனாட்டம் சொன்னேன்: "எது ஆனாலும் இத்த ஒரு குத்து குத்து. கண்ண மூடிக்கினு குத்து. நின்னுடும்." ஒயர் எங்கே போகிறது என்று அந்த நிமிஷத்தில் அந்தக் கூரைக்குக் கீழே தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். என் கை போட்ட ஒயர். வாய் என்ன சொன்னது பார். அவள் நான் சொன்னபடியே குத்தினாள். ஒரு குத்து இல்லை, நாலு.

வெள்ளானூரிலிருந்து வந்த மறுநாள், அதாவது நேற்று சனிக்கிழமை, பேனலில் தூசி தட்டப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு மீட்டரோடு பூந்தமல்லிக்குப் போனேன். மெட்ரோ தூண் வேலையில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போவதற்குள் எனக்கு உன்மேல் இருந்த கோபம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. போய்ப் பார்த்தால் அதே மெஷினில், அதே பேனலில், வேறு ஒரு பெண் நின்று அட்டை தள்ளிக்கொண்டிருக்கிறாள். கையில் கல்யாண மருதாணி இன்னும் அழியவில்லை. நான் போட்ட சத்தத்தில் சூப்பர்வைசர் ஓடிவந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர், சத்தத்துக்குப் பயப்படுகிறவர். அந்தப் பெண்ணை நகரச் சொல்லி, மோட்டார் ஒயரைக் கழற்றிவிட்டு, ரோலர் சுற்றாமல் கான்டாக்டர் மட்டும் இழுக்கிற மாதிரி வைத்தேன்.

"சார், நீங்க ஒக்காந்து எண்ணிக்கினே இருங்க. நான் ஓட வுட்டு அமுக்கறேன்."

"எத்தன தடவ பெரியவரே?"

"ஒட்டற வரிக்கும்."

"ஒட்டலன்னா?"

"ஒட்டலன்னா எம்புள்ள எழுதினது கரீட்டு. உங்களுக்கு டீ என் செலவு."

"ஒட்டிட்டுன்னா?"

"அப்பவும் டீ என் செலவுதான். ஆனா உங்களுக்கு எறங்காது."

ஓடவிட்டால் 'டக்' என்று இழுக்கும், சிவப்பு பட்டனை அமுக்கினால் 'டக்' என்று விடும். பத்து வரைக்கும் ஒழுங்காக இருந்தது, உன் பத்து. இருபதில் அவர் கொட்டாவி விட்டார். முப்பதில், "பெரியவரே, லோடு போவணும்," என்றார். முப்பத்தாறு சொல்லி வாய் மூடவில்லை. முப்பத்தேழில் அமுக்கினேன். பச்சை லைட் அணைந்தது. நாலாம் நம்பர் விளக்கும் அணைந்தது. 'டக்' வரவில்லை. நான் பட்டனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் எழுந்து வந்து லைட்டைப் பார்த்தார், இழுத்தபடியே நிற்கிற கான்டாக்டரைப் பார்த்தார். "இன்னொரு தடவ அமுக்குங்க," என்றார். அமுக்கினேன். "இன்னொரு தடவ." அமுக்கினேன். மறுபடியும் ஒன்று, நாலு ஆயிற்று. "நாலு தபா," என்று கலா சொன்னதையே அவரும் வாய்க்குள் சொன்னார். அப்புறம் மெயினை நிறுத்திவிட்டு, நாலாம் நம்பர் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன். கரண்டே இல்லாத பெட்டியில், பாயிண்ட் ஒட்டிக்கிடக்கிறது என்று மீட்டர் பீ என்று கத்தியது. அதை அவர் போனில் வீடியோ எடுத்திருக்கிறார். டீ வந்தது. அவருக்கு இறங்கவில்லை.

நான் எதையும் தட்டவில்லை, கழற்றவில்லை. பேனல் கதவைப் பஞ்சு மாதிரி சாத்திப் பூட்டி, சாவியை வேட்டி முடிச்சில் வைத்திருக்கிறேன். யாராவது சாமர்த்தியம் பண்ணி வேறு சாவி போட்டுத் திறந்தாலும் மெஷின் ஓடாது, மூன்று ஃபியூஸும் என் சட்டைப்பையில் இருக்கிறது. இந்த ஒரு விளையாட்டை மட்டும் உன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நான் அங்கே இருப்பேன். முதலாளி இருப்பார், அவள் புருஷனையும் வரச் சொல்லியிருக்கிறேன். நீயும் வருகிறாய். லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு மீட்டரை எடுத்துக்கொண்டு வா. நாலாம் நம்பரில் உன் கையால் வைத்துப் பார். ஒருவேளை அதற்குள் விட்டிருந்தால் உட்கார்ந்து அமுக்கு, நான் எண்ணுகிறேன், செவ்வாய்க்கிழமை ஃப்ளைட் போனாலும் போகட்டும். அப்புறம் ரிப்போர்ட்டை மாற்றி எழுது. டிராயிங் உன் பெயரில், ஒயரிங் என் பெயரில். தெரிந்தே போட்டேன் என்றும் எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன், எனக்கு ஐந்து விரலும் நன்றாகத்தான் இருக்கிறது. ரிலேவும் பட்டன் ஒயரும் வாங்கி வைத்துவிட்டேன். இருவரும் சேர்ந்து போட்டுக் கொடுத்த பிறகுதான் அந்த மருதாணிக் கைப் பெண் மெஷின் பக்கம் போக வேண்டும். வராமல் விமானம் ஏறினாய் என்றால், முதலாளியிடம் நானே சொல்லிவிடுவேன், உனக்கும் சேர்த்து. ஆனால் அதன் பிறகு என்னை அப்பா என்றும் கூப்பிடாதே, நைனா என்றும் கூப்பிடாதே.

கலாவிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியாவிட்டால் கேட்க வேண்டாம். எனக்கும் அது சரியாக வராது, நேற்று சாயங்காலம் திரும்பவும் வெள்ளானூர் போய் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். என்னைப் பார்த்ததும் அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. வேலை போகுமா என்று கேட்கவில்லை, விரலைப் பற்றிப் பேசவில்லை. "அண்ணா, நான் அமுக்கினேன்ல?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூன்று வாரமாக எல்லோரும் சொல்லிச் சொல்லி, தன் கையே தன்னிடம் பொய் சொல்கிறதோ என்று உட்கார்ந்திருக்கிறாள். நான் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் கிண்டல் கிழவன் சொன்னால் அவள் புருஷன் நம்ப மாட்டான், ஊர் நம்பாது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவன் வாயிலிருந்து வர வேண்டும். திங்கட்கிழமை எல்லோருக்கும் எதிரில் அவள் முகத்தைப் பார்த்து நீ சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அமுக்கினீங்கக்கா. நீங்க அமுக்கினீங்க."